வலி தாங்கினால்தான் தாயா?

"சிசேரியன்தானே, நோகாம பெத்துட்டா!" பல்லாவரம் பக்கம் பிள்ளை பார்க்க வரும் பெரிசுகள் சர்வசாதாரணமாகச் சொல்வது இது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். வயிற்றையும் கருப்பையையும் அடுக்கடுக்காக வெட்டித் தைக்கிற பெரிய ஆபரேஷன் ஐயா அது!

குடலிறக்க ஆபரேஷன் செய்த மாமனாருக்கு வேளாவேளைக்கு வலி மாத்திரை. மருமகள் கேட்டால் மட்டும் "பாலில் இறங்கிடும்". பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் தாய்ப்பாலில் கலப்பது மிகச் சொற்பம். பாலூட்டும் தாய்க்கு டாக்டர்கள் வழக்கமாகத் தருவதே இவைதான். அதுவும் துடித்த பிறகு அல்ல, நேரம் பார்த்துக் கொடுத்தால்தான் வலி கட்டுப்படும். வலி அடங்கினால் சீக்கிரம் எழுந்து நடப்பாள், பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுப்பாள்.

தியாகப் பட்டம் இருக்கட்டும். டாக்டர் எழுதின மாத்திரையை முதலில் கொடுங்கள்!