பட்டாவில் ஏர்ஸ், பேச்சில் சென்ட்: நடுவில் காணாமல் போகும் 504 சதுர அடி!

காரைக்குடியில் மனை வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "சென்ட் என்ன விலை போகுது?" என்பதுதான். சதுர மீட்டர் விலையைக் கேட்டால் புரோக்கரே ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால், அதே இடத்தின் பட்டாவைத் திறந்தால் சென்ட் இருக்காது; ஹெக்டேர், ஏர்ஸ் கணக்குதான் இருக்கும்.

பிரிட்டிஷ் அளவு ஏன் இன்னும் போகல?

மெட்ரிக் முறைக்கான சட்டத்தை இந்தியா 1956-ல் கொண்டுவந்தது. கடைகளில் வீசையும் பலமும் போய், கிலோ வந்துவிட்டது. எடைக்கல்லை மாற்றினால் அங்கே வேலை முடிந்தது. நிலத்துக்கு அப்படி முடியாது. தாத்தா காலத்துப் பத்திரம் ஏக்கர், சென்ட்டில்தான் இருக்கிறது.

வீட்டு வேலையிலும் இதே கதைதான். ஆத்தங்குடி டைல்ஸ் 8-க்கு 8, 10-க்கு 10 அங்குலம் என்றுதான் கிடைக்கிறது. விலை சதுர அடிக்கு. 100 சதுர அடி அறைக்கு 10 அங்குல டைல்ஸ் 144 போதும். மேஸ்திரி மனக்கணக்கிலேயே சொல்லிவிடுவார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

ஒரு அளவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான். பட்டாவில் 0.40.00 ஹெக்டேர், அதாவது 40 ஏர்ஸ் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். "ஒரு ஏர்ஸ்னா ரெண்டரை சென்ட், அப்போ மொத்தம் ஒரு ஏக்கர்" என்று சொல்லி விலை பேசுவார்கள். உண்மையில் ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட்தான். ஆக, 40 ஏர்ஸ் என்பது 98.84 சென்ட். குறைவது சுமார் 504 சதுர அடி. ஒரு சின்ன வீடே கட்டலாம்! வாங்குபவர் அந்த இல்லாத இடத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

என்ன செய்யலாம்?

சென்ட்டைத் தடை செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் மனை விளம்பரம், விற்பனை ஒப்பந்தம், பட்டா மூன்றிலும் சதுர மீட்டரும் சென்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கலாம். பெரிய செலவு இல்லை. ஒரு கூடுதல் வரி, அவ்வளவுதான்.

அதுவரை அட்வான்ஸ் கொடுக்கும் முன் போனை எடுங்கள். ஏர்ஸை 2.471-ஆல் பெருக்குங்கள், வருவதுதான் சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. புரோக்கர் சொல்லும் கணக்கு இதோடு ஒத்துப்போகவில்லை என்றால், விலையை மறுபடி பேசுங்கள்.