ஏ.சி. வாங்கும் முன் மாடிக்கு வாங்க!

கோடை வந்தாலே எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "இந்த வருஷமாவது ஒரு ஏ.சி. வாங்கிடணும்!" அதிலும் எங்கள் வேலூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே இரண்டே காலம்தான், ஒன்று வெயில் காலம், இன்னொன்று கடும் வெயில் காலம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எனவே வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல, அவசியம். ஆனால் அதற்கு ஏ.சி. மட்டும்தான் வழியா? இல்லை என்பதே என் கருத்து.

நண்பர்களே, வீடு எப்படிச் சூடாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஏப்ரல் கடைசி வாரத்தில் நம் ஊரில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்கிறது. அப்போது சுவரைவிட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது. பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் தனக்குள் வைத்துக்கொண்டு, இரவில் மெதுவாகக் கீழே இறக்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல் காற்று வருவது இதனால்தான். பாவம், ஃபேன் மேல் தப்பே இல்லை!

ஏ.சி. இந்தச் சூட்டைத் தடுப்பதில்லை. உள்ளே வந்ததை வெளியே இறைக்கிறது, அவ்வளவுதான். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேனுக்கு 75 வாட் போதும். அதாவது ஒரு ஏ.சி. 20 ஃபேனுக்குச் சமம். அது வெளியே தள்ளுகிற சூடு எங்கே போகிறது? சந்துக்குள், ஏ.சி. இல்லாத பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு!

அப்படியானால் என்னதான் செய்வது? நான் சொல்வது இவைதான்.

1. மாடித் தளத்துக்குப் பங்குனியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரைந்தால் அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை என்றால் வெள்ளை ஓடு பதிக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மட்டும் ஜாக்கிரதை. அதைச் சுரண்டினால் வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மேலே ஏறினால் உடைந்து விழவும் கூடும்.

2. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கீற்றுத் தட்டியோ நிழல்வலையோ கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறோம். வீட்டுக்குள் வந்த திருடனைப் பிடிப்பதைவிட வாசலிலேயே நிறுத்துவது நல்லதல்லவா?

3. வெயில் ஏறியதும் ஜன்னலை மூடி, பொழுது சாய்ந்து வெளியே ஆறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

4. நனைத்த வெட்டிவேர்த் தட்டி நம் ஊருக்கு நன்றாக எடுபடும், ஏனென்றால் இங்கே காற்று வறண்டது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம், அங்கே அவ்வளவு பலன் இருக்காது.

5. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் ஓடினால் முழுக்க வீண். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால், தினம் 10 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். நீங்களே போட்டுப் பாருங்கள்.

"சுண்ணாம்பு அடிச்சா ஏ.சி. மாதிரி ஆயிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். வயதானவர்களும் நோயாளிகளும் இருக்கிற வீட்டில் ஏ.சி. தேவைப்படலாம். ஆனால் வெள்ளை மாடிக்குக் கீழே அதே ஏ.சி. குறைவாகத்தான் உழைக்கும். 18-ல் வைக்காமல் 24-ல் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மாடி வீட்டுக்காரருடையது. அதன் சூடு மட்டும் குடியிருப்பவருடையது, கரண்டு பில்லும் அவருடையதே. நாங்களும் அப்படி இருக்கிறவர்கள்தான். மாடிச் சாவி கூட எங்களிடம் இல்லை. சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்டால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதுதான் பல வீட்டுக்காரர்களின் பதில். குழாய் ஒழுகினால் சரிசெய்வது வீட்டுக்காரர் கடமை என்றால், கொதிக்கிற தளத்துக்கு வெள்ளையடிப்பதும் அவர் கடமைதான். அதில் அவருக்கும் லாபம் உண்டு. பகலில் விரிந்து இரவில் சுருங்குவதால்தான் தளத்தில் வெடிப்பு விடுகிறது. சூடு குறைந்தால் அந்த விரிசலும் குறையும்.

நம் பள்ளியிலும் மேல்மாடி வகுப்புகள் மதியத்தில் அடுப்பாகின்றன. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை அந்த மாடிக்கு ஒதுக்கலாமே! தலைமையாசிரியர் அனுமதித்தால் சுண்ணாம்பு கரைக்க நானும் வருகிறேன்.

இதைப் படிக்கிற நண்பர்களில் சொந்த வீடு உள்ளவர்களும் இருப்பீர்கள். உங்கள் மேல்மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தால், இன்று சாயங்காலமே அப்பாவிடம் பேசுங்கள். கத்திரி வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.