கல்லூரிக்குள்ளேயே பகுதிநேர வேலை: நமது நிறுவனங்கள் முன்வருமா?

உத்திரமேரூர் வட்டத்தில் மானாம்பதி, பெருநகர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கல்லூரிக்காகக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏறுகிறார்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய பாரமில்லை; பஸ் பாஸும் உண்டு. மதியச் சாப்பாடு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், போன் ரீசார்ஜ் என்று ஆகிற கைச்செலவுதான் கூலி வேலை செய்யும் தகப்பனாரைத் திணற வைக்கிறது. இதற்காகப் பையன்கள் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறார்கள், ஒரகடம் பக்கம் ஒப்பந்தக்காரரின் வேனில் ஏறி இரவு ஷிப்டுக்குப் போகிறார்கள். விடிய விடிய நின்றவர் காலை முதல் வகுப்பில் எப்படி உட்காருவார்? வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும்.

தமிழக அரசு 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டத்தையும், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பாராட்ட வேண்டிய உதவி. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். இடையில் மதரஸாவுக்குப் போய், தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டுக் கல்லூரிக்கு வருபவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். (இவர்களில் பலர் மக்தபில் ஓதிக்கொடுத்தே பட்டம் வாங்குகிறார்கள். பகுதிநேர வேலை நமக்குப் புதிதல்ல.)

பல்கலைக்கழக மானியக் குழு 2023 தொடக்கத்தில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில் கவனிக்க வேண்டிய யோசனை ஒன்று இருந்தது. சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய மாணவர்களுக்குக் கல்லூரிக்குள்ளேயே நூலகம், ஆய்வகம், கணினிப் பணி போன்றவற்றில் வேலை தரலாம். வகுப்பு முடிந்த பிறகு, வாரம் 20 மணி நேரத்துக்குள், மணிக்கணக்கில் ஊதியம். புதிய கல்விக் கொள்கை சொல்லும் பின்தங்கிய பிரிவினரில் சிறுபான்மையினரும் அடக்கம். அமெரிக்காவில் அரசே பணம் கொடுத்து 1964 முதல் இப்படி நடத்துகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? மகாராஷ்டிரத்தில் 1919ல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய பாவுராவ் பாட்டீல் உழைத்துக்கொண்டே படிக்கும் முறையை அங்கே வேரூன்றச் செய்தார். புனே பல்கலைக்கழகத்தின் இத்தகைய திட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951ல் நம் முன்னோர் அள்ளிக்கொடுத்த நன்கொடையில் எழுந்தவை. இப்படிப்பட்ட சமுதாயக் கல்லூரிகள் அனைத்திலும் இது முறையான திட்டமாக வரவேண்டும். மணிக்கு 60 ரூபாய் என்றாலும் மாதம் 60 மணி நேரத்துக்கு 3,600 ரூபாய் கிடைக்கும். வெளி வேலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்கூட, மகள் கல்லூரி நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருப்பதை மறுக்கமாட்டார்கள்.

பணத்துக்கு எங்கே போவது என்று நிர்வாகிகள் கேட்கலாம். ஜகாத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. ஜகாத் என்பது கைமாறு இல்லாமல் உரியவருக்குச் சொந்தமாக்கிக் கொடுப்பது. வேலை வாங்கிக்கொண்டு கூலியாகக் கொடுத்தால் அது ஜகாத்தாகாது. பொது நன்கொடையும் முன்னாள் மாணவர் நிதியும்தான் இதற்குப் பொருத்தம். இன்னொரு ஆபத்து, நிரந்தர ஊழியரை நீக்கிவிட்டு மாணவனைக் குறைந்த கூலிக்கு வைப்பது. ஒருவர் வயிற்றில் அடித்து இன்னொருவரைப் படிக்க வைக்க வேண்டாம். உபரி வேலைகளை மட்டும் பட்டியலிட்டு, ஊதியத்தை மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

உதவித்தொகைக்குக் கைநீட்டக் கூசுகிற பிள்ளைகள் நம்மில் நிறைய. மதீனாவில் அன்சாரித் தோழர் தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆ செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். அந்தக் கூச்சத்துக்கும் நம்மிடம் மரியாதை உண்டு.

அடுத்த சேர்க்கைக்கான விளக்கக் கையேட்டில் எத்தனை மணி நேரம் வேலை, மணிக்கு என்ன ஊதியம் என்று இரண்டு வரி அச்சிட்டால் போதும். விண்ணப்பம் வாங்க வரும் தகப்பனார் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.