மரத்தடியில் ஒரு மீட்டர் மண்

போன மாதம் எங்கள் தெருவில் சிமெண்ட் கல் பதித்தார்கள். இனி மழைச் சேறு வாசலுக்கு வராது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கல் போடச் சொல்லிக் கொடுத்த மனுவில் என் கையெழுத்தும் உண்டு. ஆனால் வேப்பமரத்தின் அடியை ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல் சிமெண்ட் பூசியிருந்ததைப் பார்த்தபோது எனக்கே மூச்சு முட்டியது.

மரத்துக்கு வலிக்குமா என்று சிலர் சிரிப்பார்கள். வேருக்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும் என்பதாவது நமக்குத் தெரியுமே! மேலே மூடிவிட்டால் மழைநீர் வாய்க்காலுக்கு ஓடிவிடும், வேர் தவிக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று எங்கள் தெருமுனைப் பூவரசு சாய்ந்தது. போய்ப் பார்த்தேன். வாய்க்கால் பக்கம் வேரே இல்லை. வாய்க்கால் கட்டியபோது வெட்டிவிட்டிருந்தார்கள். பழியைப் புயல்மேல் போட்டோம்.

சாலை வேண்டாம், வாய்க்கால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை எடுத்துவிடும்படி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நம் ஊர் மரங்களுக்கும் அந்த ஒரு மீட்டர் போதும். புன்னை மரத்தைச் சகோதரி என்று சொன்ன நற்றிணை நம்முடையதுதானே!

இப்போது இன்னொரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தெருவில் கல் பதிக்க வந்தால், வேலை தொடங்கும் முன்பே போய்ச் சொல்லுங்கள். பூசிய பிறகு பெயர்ப்பது பெரும்பாடு.