ஒரு தடுப்பாளரும் இரண்டு கதவுகளும்

2025ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் கைச்சாத்திட்ட பிரகடனமொன்று, ஈரான், ஹெயிட்டி, சோமாலியா, சூடான், ஆப்கானிஸ்தான் உட்படப் பன்னிரண்டு நாடுகளின் பிரஜைகள் இந்நாட்டினுள் நுழைவதைத் தடை செய்தது. அதே பிரகடனத்தில் ஒரு விதிவிலக்கும் எழுதப்பட்டிருந்தது. உலகக் கிண்ணப் போட்டிக்கோ ஒலிம்பிக் விளையாட்டுக்கோ வரும் வீரர்கள், பயிற்றுநர்கள், அவர்தம் நெருங்கிய குடும்பத்தினர் ஆகியோரை இத்தடை கட்டுப்படுத்தாது என்பதே அது. மறுபுறத்தில், 2024 நிதியாண்டில் 125,000 ஆக இருந்த அகதிகள் அனுமதியின் உச்ச எல்லை, 2026 நிதியாண்டுக்கு 7,500 ஆகக் குறைக்கப்பட்டது. 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் இறுதியாட்டத்துக்கு நியூ ஜேர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்ட் அரங்கும், ஏனைய ஆட்டங்கள் சிலவற்றுக்கு வளைகுடாப் பகுதியின் சாந்தா கிளாராவும் ரெக்சாஸின் ஹூஸ்ரன், ஆர்லிங்ரன் நகரங்களும் தெரிவு செய்யப்பட்டன. எமது மக்கள் செறிந்து வாழும் இவ்விடங்களில் இந்த விதிவிலக்கு பேசப்படுவதில் வியப்பில்லை.

வீரர்களுக்குக் கதவு திறப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கால்களின் திறமைக்கு ஒரு கதவும் உயிரின் அச்சத்துக்கு வேறொரு கதவும் இருப்பதை விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது. இவ்விரு கதவுகளையும் தன் வாழ்வில் கண்டவர் நெவென் சுபோட்டிச் என்னும் பின்களத் தடுப்பாளர்.

1988 டிசெம்பரில், அன்றைய யூகோஸ்லாவியாவின் பன்யா லூக்கா நகரில் சேர்பியக் குடும்பமொன்றில் பிறந்தவர் இவர். போர் மூளும் அறிகுறிகள் தென்படத் தொடங்கிய 1990இல் குடும்பம் ஜேர்மனிக்குப் பெயர்ந்தது. கறுப்புக் காட்டுப் பகுதியின் ஷோம்பெர்க் என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். அங்குதான் பந்தை உதைக்கப் பழகினார். பொஸ்னியப் போரின்போது ஜேர்மனி மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோரை ஏற்றது உண்மையே. எனினும் அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது அகதி அந்தஸ்தன்று. 'டுல்டுங்' எனப்படும், வெளியேற்றத்தைத் தற்காலிகமாக ஒத்திவைக்கும் கடிதம் மட்டுமே. ஜேர்மனியில் உறவினர் உள்ள எமது வாசகர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1995இல் டேற்றன் உடன்படிக்கை கைச்சாத்தானதும், போர் முடிந்துவிட்டது, இனித் திரும்பிச் செல்லுங்கள் என்று கூறப்பட்டது. சுபோட்டிச் குடும்பத்தினரின் தங்கும் அனுமதியும் நீடிக்கப்படவில்லை. நாடு கடத்தப்படுவதைத் தவிர்க்க, 1999இல் அவர்கள் அமெரிக்காவுக்கு வந்து யூட்டா மாநிலத்தின் சோல்ற் லேக் நகரில் குடியேறினர். அக்காலத்தில் பொஸ்னியாவிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இந்நாடு ஏற்றுக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

பின்னர் சகோதரியின் ரென்னிஸ் பயிற்சிக்காகக் குடும்பம் புளோரிடாவின் பிறேடன்ரனுக்கு மாறியது. அங்கே பொதுப் பூங்காவொன்றில் தனியே பந்தோடு பயின்றுகொண்டிருந்த பையனை, அமெரிக்காவின் 17 வயதுக்குட்பட்டோர் அணியின் துணைப் பயிற்றுநர் ஒருவர் கண்டார். 2005இல் பெரு நாட்டில் நடந்த அப்பிரிவு உலகப் போட்டியில் அவர் அமெரிக்காவுக்காக ஆடினார். 2006இல் ஜேர்மனியின் மைன்ஸ் கழகம் அவரை அழைத்தது. ஒரு சிறுவன் தன் நாட்டில் தங்குவதற்குக் காரணமெதனையும் காணாத ஜேர்மனி, ஏழே ஆண்டுகளில் அவனது ஒப்பந்தப் பத்திரத்தில் போதிய காரணத்தைக் கண்டுகொண்டது. ஆள் அவனே. அவன் கொண்டுவந்த காகிதம் மட்டுமே வேறு.

2008இல் பயிற்றுநர் யூர்கன் க்ளொப்பைத் தொடர்ந்து அவரும் டோர்ட்முண்ட் சென்றார். அங்கே மாற்ஸ் ஹும்மல்ஸுடன் பின்களத்தின் நடுவில் நின்றார். இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். 2010-11 பருவத்தில் 34 ஆட்டங்களில் 22 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்து அக்கழகம் சம்பியனானது. மறு ஆண்டும் வென்றது. 2013இல் வெம்பிளி அரங்கில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில், பந்துக் காப்பாளரைக் கடந்து வெறும் கோலை நோக்கி உருண்ட பந்தை, ரொபென் எட்டுமுன் சறுக்கி வந்து வெளியே உதைத்தார் சுபோட்டிச். இறுதியில் அதே ரொபென் அடித்த கோலால் பயெர்ன் மியூனிக் 2-1 என வென்றது வேறு கதை. தடுப்பாளரின் தொழில் அத்தகையது. காப்பாற்றியது கணக்கில் ஏறுவதில்லை.

இனி, சர்ச்சைக்குரிய விடயத்துக்கு வருவோம். 2008 டிசெம்பரில் அவர் அமெரிக்காவையோ ஜேர்மனியையோ அல்லாது சேர்பிய தேசிய அணியைத் தெரிவு செய்தார். 2010 யூன் 18ஆம் திகதி தென்னாபிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் ஜேர்மனியை 1-0 என வீழ்த்திய சேர்பிய அணியின் பின்களத்தில் அவரும் நின்றார். அடைக்கலம் தந்த நாட்டுக்கு ஆடாதவர் நன்றி கெட்டவர் என அமெரிக்க இரசிகர் பலர் ஏசினர். இவ்வசைமொழியை நாம் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. எமது பிள்ளைகளை நோக்கியும் ஒருநாள் இது வரலாம். மறுபக்கத்தில், கானாவின் புடுபுரம் அகதி முகாமில் பிறந்த அல்போன்சோ டேவிஸ் ஐந்து வயதிற் கனடாவில் குடியமர்த்தப்பட்டு, 2017இல் பிரஜாவுரிமை பெற்று, 2022இல் கட்டாரில் கனடிய ஆடவர் அணியின் முதலாவது உலகக் கிண்ணக் கோலை அடித்தார். அவரும் பின்களத்தவரே. ஆனால் இவரைக் காட்டி அகதிகளை ஏற்பது இலாபம் என வாதிப்போர், அறியாமலே மறுதரப்புக்குத் துணைபோகின்றனர். டேவிஸ் கோல் அடித்ததால் அடைக்கலம் நியாயமாயிற்று என்றால், சுபோட்டிச் வேறு கொடியின்கீழ் ஆடியதால் அது நட்டமாயிற்று என்றாகும். அவர் சகோதரியின் கணக்கு என்னவாகும்?

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் இப்படியொரு கணக்கைக் கேட்கவில்லை. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவர் என்ற தக்க அச்சத்தையே அது கேட்கிறது. அமெரிக்கச் சட்டம் கேட்பதும் அதுவே. பிள்ளைகளின் விளையாட்டுச் சான்றிதழ்களைப் புகலிட மனுவோடு இணைக்க விரும்பும் பெற்றோர் தாராளமாக இணைக்கட்டும்; தீங்கில்லை. ஆனால் மனுவின் உயிர் அங்கில்லை. ஊரில் நடந்தது என்ன, எப்போது, யாரால், திரும்பினால் யாரிடமிருந்து ஆபத்து என்பனவற்றை முரணின்றி எழுதுவதே முதல் வேலை. 1996ஆம் ஆண்டின் சட்டப்படி, விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர, வந்திறங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அம்மனு கையளிக்கப்படவும் வேண்டும்.