விதைத்தால் மட்டும் மட்டி விளையாது

பொதுவளம் குறித்த பாடத்தில் பல ஆண்டுகள் நான் கூறிவந்த எடுத்துக்காட்டு, கேரளத்தின் கொல்லம் அருகே உள்ள அஷ்டமுடி ஏரி. யாருக்கும் தனியுரிமை இல்லாத வளத்தை ஆளாளுக்கு அள்ளி முடிவில் அனைவரும் இழப்பர் என்று 1968-இல் எழுதினார் காரெட் ஹார்டின். பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்தால் வளம் நிலைக்கும் என்று நிறுவி 2009-இல் நோபல் பரிசு பெற்றார் எலினார் ஆஸ்ட்ரம். அஷ்டமுடியின் மட்டி மீனவர்கள் ஆஸ்ட்ரமுக்குச் சான்றாக நின்றவர்கள்.

1990-களின் தொடக்கத்தில் அங்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் மட்டி கிடைத்தது. அளவுமீறி அள்ளியதால் விளைச்சல் சரிந்தது. அதன்பின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் தடை, சிறு மட்டி தப்பும்படி வலைக்கண் அளவு எனக் கட்டுப்பாடுகள் வந்தன. 2014-இல், நீடித்த மீன்வளத்துக்கான பன்னாட்டுச் சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாக அஷ்டமுடி பெற்றது. என் பாடமும் அத்துடன் முடிந்துவிடும்.

ஏரியின் கதை அத்துடன் முடியவில்லை. விளைச்சல் மீண்டும் சரிந்து ஆயிரம் டன்னுக்கும் கீழே சென்றது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சுமார் 30 லட்சம் மட்டிக் குஞ்சுகளை ஏரியில் விட வேண்டியிருந்தது. மிகைப்பிடிப்பு ஒரு காரணம். ஆனால் ஒரே காரணமன்று.

நீர் மாறினால் மீன் நீந்தித் தப்பும், மட்டியால் இயலாது. பெருவெள்ளத்தில் உப்புத்தன்மை திடீரெனக் குறைந்தால் அது மடியும். வண்டல் படிந்தால் மூச்சடைக்கும். ஏரிக்கு நன்னீர் தரும் கல்லடை ஆற்றின் அணையை எப்போது திறப்பது என்பதை முடிவு செய்வோர் மட்டி மீனவர் அல்லர். இவற்றுடன் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அயல் சிப்பியினம் ஒன்றும் ஏரித்தரையை மூடி மட்டியின் இடத்தைப் பறிக்கிறது. கப்பல்களின் நிலைநிறுத்த நீர் வழியாகவோ, அடிப்புறத்தில் ஒட்டியோ இது பரவியிருக்கக்கூடும் என்கின்றனர் அறிவியலாளர்.

எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைப்பதும் இதே சிப்பியைத்தான். கொசஸ்தலை ஆற்றுப் படுகையை அது கம்பளம்போல் மூடியதால், சேற்றில் புதையும் இறாலுக்கு இடமில்லை. கப்பல் போக்குவரத்தின் ஆதாயம் துறைமுகக் கணக்கில் ஏறுகிறது. இழப்போ கையால் இறால் தடவிப் பிடிப்பவரின் கூடையில் விழுகிறது. பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். தமக்குள் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் மீனவர்களால் இதைத் தடுக்க இயலாது.

எனவே குஞ்சு விடுவதற்கு முன் உப்புத்தன்மை, வண்டல், அயலினப் பரவல் ஆகியவற்றை ஆண்டு முழுவதும் அளந்து வெளியிட வேண்டும். அணை நீர் திறப்பு பற்றிய ஆலோசனையில் மீனவர் சங்கங்களுக்கு இடம் வேண்டும். அயலினத்தை அகற்றும் செலவில் துறைமுகங்களும் கப்பல் நிறுவனங்களும் பங்கேற்க வேண்டும். இவையின்றி விடப்படும் குஞ்சுகள், நிலத்தைப் பாராமல் தூவிய விதைநெல்லே.

ஓய்வுபெற்ற பின் பாடத்தைத் திருத்த எனக்கு வகுப்பறை இல்லை. ஆஸ்ட்ரம் கூறியது தவறன்று. நான்தான் அதைப் பாதியில் நிறுத்தினேன். வளத்தைப் பயன்படுத்துவோருக்கு மட்டுமின்றி, அதன் நீரைக் கெடுப்போருக்கும் விதி வேண்டும்.