மயில் கண்ணீரும் மாமியார் கணக்கும்

2017-ஆம் வருடம், மே 31. ராஜஸ்தான் உயர்நீதிமன்ற நீதிபதி மகேஷ் சந்திர சர்மா ஓய்வு பெறுகிற நாள். பசுவை தேசிய விலங்காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளக்கமும் கொடுத்தார். ஆண் மயில் ஆயுசுக்கும் பிரம்மச்சாரியாம். அதன் கண்ணீரைக் குடித்துத்தான் பெண் மயில் கருத்தரிக்கிறதாம். அதனால்தான் அது தேசியப் பறவையாம்!

நாடே சிரித்தது. நெல்லைச் சீமையில் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்கள். சேரன்மகாதேவிப் பக்கமும் கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் வயல் வைத்திருப்பவர்களுக்கு மயில் என்ன செய்யும், எப்போது செய்யும் என்று நீதிமன்றம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோகையை விரித்து ஆண் ஆடும். பெண் நின்று பார்க்கும், பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போய்விடும். பிடித்துவிட்டால் சில நொடிகளில் காரியம் முடிந்துவிடும். அதன்பிறகு முட்டை, அடைகாத்தல், குஞ்சு வளர்த்தல் எல்லாம் பெண்ணின் பொறுப்பு. ஆண் அடுத்த ஆட்டத்துக்குக் கிளம்பிவிடும்.

சரி, சிரித்தாயிற்று. இப்போது சிரித்தவர்களின் வீட்டுக்குள் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம். மூன்றாவது பிரசவம் முடிந்து வந்திருக்கும் மருமகள் உள்ளே படுத்திருக்கிறாள். திண்ணையில் மாமியார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்கிறார்: "மூணாவதும் பொட்டப்புள்ளையால்லா பெத்துப் போட்டுருக்கா... எங்க வம்சத்துல ஆம்பளப் புள்ளைக்குப் பஞ்சமே வந்ததில்ல."

மயில் கண்ணீருக்கும் இந்தப் பேச்சுக்கும் அறிவியல் மதிப்பில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஆனால் முதலாவதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்த பட்டதாரி மகன், இரண்டாவதைக் கேட்டுவிட்டு பேசாமல் காபி குடிக்கிறார். இத்தனைக்கும் அவர் பதினோராம் வகுப்பில் செல் பிரிதலைப் படித்தவர். லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று வரிசை மாறாமல் இன்றைக்கும் ஒப்பிப்பார். படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவர். அந்தப் படம் தன் வீட்டுத் திண்ணையைப் பற்றியது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

விஷயம் அப்படி ஒன்றும் கஷ்டமானது இல்லை. சாதாரணமாக ஒரு செல் இரண்டாகும்போது 46 குரோமோசோம்களும் பிரதி எடுக்கப்பட்டு, இரண்டு செல்லுக்கும் 46, 46 என்று போய்ச் சேரும். இது மைட்டாசிஸ். விரலில் பட்ட காயம் ஆறுவதும் தலைமுடி வளர்வதும் இதனால்தான். பிள்ளை பெறுவதற்கு இது உதவாது. இரண்டு 46 சேர்ந்தால் 92, அடுத்த தலைமுறையில் 184... கணக்கு எங்கேயோ போய்விடும். அதனால் விந்தும் கருமுட்டையும் உண்டாகும்போது மட்டும் செல் வேறு மாதிரி பிரிகிறது. அதுதான் மியாசிஸ், பாடப்புத்தகத் தமிழில் குன்றல் பகுப்பு. அப்பாவழி வந்ததும் அம்மாவழி வந்ததும் ஜோடி ஜோடியாக அணைந்து நின்று, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு பிரிந்து போகின்றன. 23 ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு மட்டுமே 83,88,608 வழிகள் உண்டு. துண்டு மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் கணக்கே கிடையாது. "எங்க தாத்தா அப்படியே வந்து பொறந்துருக்காரு" என்று சொல்லிக்கொள்ளலாம், ஆசைதானே. மியாசிஸ் அதற்கு இடம் கொடுப்பதில்லை :-)

அந்த 23 ஜோடியில் ஒன்றுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற ஜோடி. பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். பெண்ணின் ஜோடி பிரிந்தால் எல்லா முட்டைக்கும் எக்ஸ்தான் கிடைக்கும், வேறு சரக்கே அங்கு இல்லை. ஆணின் ஜோடி பிரிந்தால் பாதி விந்துக்கு எக்ஸ், பாதிக்கு ஒய். எக்ஸ் முந்தினால் மகள், ஒய் முந்தினால் மகன். அதாவது பொட்டப்பிள்ளையா ஆம்பளைப்பிள்ளையா என்ற சீட்டு அப்பனிடமிருந்துதான் வருகிறது. அப்பனையும் குறை சொல்ல முடியாது என்பது வேறு விஷயம், நாணயம் சுண்டுகிறவன் பூவா தலையா என்று எப்படிச் சொல்வான்?

இதை 1905-லேயே கண்டு சொல்லியாகிவிட்டது. அமெரிக்காவில் பிரின்மார் கல்லூரியில் இருந்த நெட்டி ஸ்டீவன்ஸ், மாவுப்புழு வண்டின் விந்துச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, பாதியில் பெரிய குரோமோசோம் ஒன்றும் மீதிப் பாதியில் அந்த இடத்தில் குட்டியாக ஒன்றும் இருப்பதைப் பிடித்தார். எட்மண்ட் வில்சனும் அதே காலத்தில் தனியாக இதே திசையில் வந்து சேர்ந்தார். ஆக, பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன்வழி விஷயம் என்று கண்டுபிடித்தவர் ஒரு பெண். நூற்றிருபது வருடம் ஆகிவிட்டது. திண்ணைக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். பறவைகளில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே ஆணுக்கு ஒரே மாதிரி ஜோடி (இசட், இசட்), பெண்ணுக்குத்தான் வேறு வேறு (இசட், டபிள்யூ). குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டைதான் முடிவு செய்கிறது. எனவே மேற்படி மாமியார் ஒரு மயிலாக இருந்து, மருமகளும் மயிலாக இருந்திருந்தால், அவர் சொன்னது முழுக்கச் சரி!

இது வெறும் வாய்ப்பேச்சு என்று விட்டுவிடலாமா? 1992-ல் தமிழ்நாட்டு அரசு சேலத்தில் தொட்டில் வைக்கவேண்டி வந்தது எதற்காக? பெண்சிசுவைக் கொல்லாமல் எங்களிடமாவது கொடுங்கள் என்று ஒரு அரசாங்கம் ஜனங்களிடம் கெஞ்சிய திட்டம் அது. கருவில் இருப்பது என்னவென்று சொல்லக்கூடாது என்று 1994-ல் சட்டமே போட்டார்கள். இன்றைக்கும் பாளையங்கோட்டையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் வாசலில் அந்த அறிவிப்பு இருக்கிறது. வேறு எந்தப் பாடம் புரியாமல் போனதற்காக இப்படி ஊர் ஊராக போர்டு மாட்டியிருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் "இயற்கை" வேண்டும். ஆண் என்றால் சம்பாதிப்பான், பெண் என்றால் பிள்ளை வளர்ப்பாள், "அதுதாம்டே இயற்கை" என்பார்கள். இயற்கையைப் பார்க்க இவர்கள் வெகுதூரம் போகவேண்டாம். பொதிகையில் ஆரம்பித்து தாமிரபரணியோடு இறங்கி வந்தாலே போதும்.

மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிப் பக்கம், களக்காடு முண்டந்துறை காட்டுக்குள், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பச்சைத் தவளை இருக்கிறது. ராவோர்கெஸ்டஸ் சலசோட்ஸ் என்று வாயில் நுழையாத பெயர். 1876-ல் பெயர் வைத்தார்கள். அதற்குப்பிறகு நூறு வருடத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு, 2011-ல்தான் திரும்பக் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. எங்கே ஒளிந்திருந்தது? நாணல் போல மெலிந்து வளரும் ஒருவகை மூங்கிலின் கணுவுக்குள்! அடிப்பக்கம் ஒரு சின்னக் கீறல் இருக்கும். உடம்பை நசுக்கிக்கொண்டு ஆண் தவளை அதற்குள் நுழைந்து, உள்ளே உட்கார்ந்தபடியே கூப்பிடும். பெண் வரும், உள்சுவரில் ஒரு சில முட்டைகளை ஒட்டிவைக்கும், போய்விடும். அவ்வளவுதான் தாயின் வேலை. ராத்திரி இரை தேடக் கொஞ்ச நேரம் வெளியே போவதைத் தவிர, முட்டை பொரிகிறவரை காவல் இருப்பது அப்பன். தலைப்பிரட்டை என்ற கட்டமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான்.

சேஷாத்ரி என்ற ஆய்வாளர் தன் குழுவோடு இந்தக் காட்டில் இருந்து இதைக் கண்டு எழுதினார். 2018-ல் வந்த கட்டுரையில் இன்னொரு படி மேலே போனார்கள். அப்பன் தவளையை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். முட்டைகள் பெருமளவு அழிந்துபோயின. தின்றது யார் என்று பார்த்தால், பாம்போ பூச்சியோ மட்டும் இல்லை, அதே இனத்து வேறு ஆண் தவளைகள்! அப்பன் காவல் இருப்பதே முக்கியமாக இன்னொரு அப்பனிடமிருந்து காப்பாற்றத்தான். "ஆம்பளைக்குப் பிள்ளை வளர்ப்பது இயற்கை" என்று இந்தத் தவளையைக் காட்டி வாதாடப் புறப்படும் முற்போக்கு நண்பர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அடுத்தவன் பிள்ளையைத் தின்பதும் அதே மூங்கிலில்தான் நடக்கிறது.

கீழே இறங்கி வந்தால் அத்தி மரம். "அத்தி பூத்தாற்போல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, உண்மையில் அத்தி வருடாவருடம் பூத்துக் கொட்டுகிறது. பூக்கள் எல்லாம் காயின் உள்ளே இருப்பதால் தெரிவதில்லை. அந்த இருட்டுக்குள் நடக்கும் கல்யாணம் தனிக்கதை. கடுகைவிடச் சின்ன ஒரு பெண் குளவி, காயின் நுனித் துவாரத்தில் சிறகெல்லாம் பிய்ந்துபோக உள்ளே நுழைந்து, கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களுக்குக் கொடுத்து, சில பூக்களில் முட்டையிட்டுச் செத்துப்போகும். முதலில் பொரிந்து வருவது ஆண்கள். சிறகும் கிடையாது, கண்ணும் சரியில்லை. இன்னும் தன் கூட்டைவிட்டே வெளியே வராத பெண்களைத் தேடிப்போய்க் கூடி, அவர்கள் வெளியேற ஒரு பாதையும் குடைந்துகொடுத்துவிட்டு செத்துப்போகும். வெயிலைப் பார்ப்பதே அபூர்வம்.

இதில் செல் கணக்கு இன்னும் ருசியானது. குளவியில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். அதாவது ஆண் குளவிக்கு அப்பனே கிடையாது, ஆனால் தாத்தா உண்டு! அதனிடம் இருப்பதே அரைப்பங்கு குரோமோசோம் என்பதால் விந்து செய்யும்போது மேலும் பாதியாக்க ஒன்றுமில்லை. அதன் மியாசிஸ் பாதியில் கைவிடப்பட்ட சடங்கு மாதிரி. வகுப்பில் இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லியிருந்தால் மியாசிஸ் எதற்கு என்று கடைசி பெஞ்சுக்கும் புரிந்திருக்கும்.

இன்னும் இறங்கினால் குளங்கள். தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியில் பெண்தான் பெரிது. ஒரு ஆணுக்கு முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும், அடைகாப்பது ஆண்கள். வீட்டுப் பூந்தொட்டியைக் கிளறினால் மண்புழு மாதிரி நெளியும் புழுப்பாம்பில் ஆணே கிடையாது, எல்லாம் பெண், மூன்று செட் குரோமோசோமை வைத்துக்கொண்டு தானே முட்டையிட்டுத் தானே பெருகுகிறது. முதலைக்கோ குரோமோசோம் கணக்கே இல்லை, முட்டை புதைத்த மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று சொல்லும். சதுப்புநில முதலையில் 31 டிகிரி வரை எல்லாம் பெண், 32.5 வாக்கில் பெரும்பாலும் ஆண். கடைசியில் ஆறு புன்னக்காயலில் கடலில் விழுகிறது. அந்த மன்னார் வளைகுடாவில் கடல்குதிரையில் கர்ப்பம் சுமப்பது ஆண்.

இதில் எது இயற்கை, எது விரோதம்? "இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக" என்று 1860-லிருந்து 377-ஆவது பிரிவில் எழுதி வைத்திருந்தார்கள். சம்மதத்துடன் கூடும் வயதுவந்தோருக்கு அது பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை ஆயிற்று. மனிதன் எப்படி வாழவேண்டும் என்பதற்கு மனிதன்தான் நியாயம் சொல்லவேண்டும். தவளையையும் குளவியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது அவற்றுக்கும் மரியாதை இல்லை.

பிரச்சினை தொடங்கும் இடம் வகுப்பறை. "இந்த லெசன் ஈசிதான், வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவும் வழக்கம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊரையும் சேர்த்துத்தான். மேலே இருப்பவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? 2022-ல் சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. 12-ஆம் வகுப்பு உயிரியலில் "உயிரினங்களில் இனப்பெருக்கம்" என்ற முதல் அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. பூக்கும் தாவரமும் மனிதனும் மிச்சம் இருக்கின்றன, நடுவில் உள்ள மொத்த உலகமும் சுமையாகிப் போனது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. இருந்தும் என்ன, பக்கத்தைத் திருப்புகிற கை ஒன்றுதானே.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது வழக்கமான பதில். ரதவீதியில் நாய்களையும் ஆற்றங்கரையில் குரங்குகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எது நடக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். எதனால் என்பதுதான் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வாத்தியாருக்குச் சம்பளம்.

பெண்ணின் கருமுட்டைகள் குன்றல் பகுப்பை ஆரம்பிப்பது அவள் பிறப்பதற்கும் முன்னால், தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே. பாதியில் நின்று, அவள் பெரியவளாகி ஒவ்வொன்றாக முட்டை வெளிவரும்வரை வருடக்கணக்காகக் காத்திருக்கும். ஆக, உள்ளே படுத்திருக்கும் அந்த மருமகள் இந்த உலகத்துக்கு வரும்போதே தன் முட்டைகளோடுதான் வந்தாள், அத்தனையிலும் எக்ஸ் மட்டும்தான். ஒய் கொடுக்கவேண்டியவர் திண்ணையில் உட்கார்ந்து, "அம்மா சொல்றதும் நியாயந்தான" என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.